பட்டியலா, வாகனமா, வீட்டு வாக்கா: எளியோர் வாக்களிக்க எந்த உதவி முதலில்?

வாக்களிக்க இயலாத நிலையில் இருப்பவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தேர்தல் நெருங்கும்போது கூடும் குழுக்கள், பெரும்பாலும் வாகன ஏற்பாட்டில்தான் தொடங்குகின்றன. முதியவர்களையும் நடக்க முடியாதவர்களையும் வாக்குச்சாவடிக்கு அழைத்துச் சென்று திரும்ப வீட்டில் விடுவது கண்ணுக்குத் தெரியும் உதவி. ஒரே நாளில் முடிந்துவிடும். நன்கொடை கொடுத்தவர்களுக்குப் படம் எடுத்து அனுப்பலாம். வாக்காளர் பட்டியலில் ஒருவரின் பிழையான பெயரைத் திருத்திக் கொடுக்கும் வேலைக்கு அப்படியொரு படம் கிடையாது. ஆனால், வாகனத்தில் ஏற்றிச் சென்றவரின் பெயர் பட்டியலில் இல்லையென்றால், பலர் பார்க்க அவரைத் திருப்பி அனுப்புவதற்கே அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தது போலாகிவிடும்.

ஆட்பலமும் பணமும் குறைவாக உள்ள ஒரு தன்னார்வக் குழு, தன் உழைப்பை எங்கே செலவிடலாம் என்பதை முடிவு செய்ய உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம். வீடற்றவர்கள், பிழைப்புக்காக இடம் பெயர்ந்தவர்கள், மாற்றுத்திறனாளிகள், தள்ளாத முதியவர்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், பழங்குடியினர், சிறுபான்மை மொழி பேசுவோர் என்று வாக்குரிமை ஏட்டளவில் மட்டும் இருக்கும் மக்கள் பலர். அவர்கள் எல்லோருக்கும் பொருந்தும் ஒரே உதவி என்று எதுவும் இல்லை. ஆகவே, ஒவ்வொரு வழியையும் இரண்டு கேள்விகளால் எடை போடுகிறேன். முதலாவது, அந்த மனிதர் எந்தப் படியில் தடுக்கப்படுகிறார் என்பது: பட்டியலிலா, ஆவணத்திலா, சாவடிக்குப் போகும் வழியிலா, சாவடிக்கு உள்ளேயா? இரண்டாவது, அவர் மனத்தில் நினைத்த வாக்கு பெட்டியையோ இயந்திரத்தையோ சேருமுன் எத்தனை பேர் கை மாறுகிறது என்பது. பிறரைச் சார்ந்து வாழ்பவருக்கு இரண்டாவது கேள்வி முதலாவதைவிடக் குறைந்ததல்ல.

பட்டியலில் பெயர்

முதலில் வைக்க வேண்டியது பட்டியல் வேலை என்பதே என் தீர்ப்பு. அதற்கான காரணங்கள் பழையவை. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலுக்கான பட்டியல் தயாரானபோது, பெரும் எண்ணிக்கையிலான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே பதிவு செய்திருந்தார்கள். சொந்தப் பெயர் இல்லாத பதிவை ஏற்க முடியாது என்று முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக நின்றதால், சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவுகள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. 1951-52 தேர்தலில் அந்தப் பெண்களுக்காக எத்தனை வண்டிகளை அனுப்பியிருந்தாலும் ஒருவர்கூட வாக்களித்திருக்க முடியாது. அவர்களுக்குத் தேவைப்பட்டது, வாசலில் உட்கார்ந்து பொறுமையாகப் பேசி, பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளும் ஓர் ஆள். அதிலும், அவர்கள் கூச்சமின்றிப் பேசக்கூடிய ஒரு பெண்.

இன்றைய தடைகள் வேறு தோற்றம் கொண்டவை என்றாலும் இருக்கும் இடம் அதுவேதான். பட்டியலின் அடித்தளம் வசிப்பிடம். நிலையான முகவரி இல்லாதவரை அந்த அடித்தளம் தானாகவே வெளியே தள்ளிவிடுகிறது. இதற்கு இந்தியத் தேர்தல் ஆணையம் வைத்திருக்கும் தீர்வு எளிமையானது, பலருக்கும் தெரியாதது. வீடற்ற ஒருவர் படிவம் 6-இல் தான் இரவில் படுக்கும் இடத்தைக் குறிப்பிட்டு விண்ணப்பிக்கலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவு நேரத்தில் அந்த இடத்துக்குச் சென்று, அவர் உண்மையிலேயே அங்குதான் உறங்குகிறாரா என்று பார்த்து உறுதி செய்துவிட்டால், வசிப்பிடத்துக்கான ஆவணச் சான்று தேவையில்லை. விதி இவ்வளவு தெளிவாக இருந்தும் நடைமுறையில் எங்கே சிக்குகிறது என்று பார்த்தால், தன்னார்வலரின் வேலை என்னவென்று விளங்கும். அலுவலர் வரும் இரவில் மழை பெய்திருக்கலாம். காவலர் விரட்டியதால் அவர் அடுத்த தெருவுக்குப் போயிருக்கலாம். போர்வைக்குள் இருப்பவரின் முகம் தெரியாமல், பக்கத்தில் படுத்திருப்பவரை எழுப்பி விசாரிக்க நேரலாம். அந்த இரவில் அலுவலரோடு கூடவே நடந்து, இவர்தான் அவர் என்று காட்டக்கூடிய பழகிய முகம் ஒன்று இருந்தால் போதும். அதற்குப் பெரிய செலவு கிடையாது. இரண்டு மூன்று இரவுகளின் தூக்கம் போகும், அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவில் நிலையான முகவரி இல்லாதோர் பதிவு செய்யத் தனிப் படிவமே உண்டு. கனடாவில், ஒருவர் தங்கியிருக்கும் காப்பகத்தின் நிர்வாகி எழுதித் தரும் வசிப்பிட உறுதிக் கடிதமும் ஏற்கப்படுகிறது. எந்த நாடாக இருந்தாலும், அந்த நாட்டின் விதியில் இத்தகைய சன்னல் ஒன்று திறந்திருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதே குழுவின் முதல் வீட்டுப்பாடம்.

அரசே எல்லோரையும் தானாகப் பதிவு செய்துவிட்டால் இந்த அலைச்சல் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. அமெரிக்காவின் ஒரேகான் மாநிலம் 2016-ஆம் ஆண்டு முதல் ஓட்டுநர் உரிமப் பதிவேட்டைக் கொண்டு தகுதியுள்ளவர்களைத் தானாகவே பட்டியலில் சேர்த்து வருகிறது. ஆஸ்திரேலியாவில் 2012-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், பிற அரசுத் துறைகளின் தகவலைக் கொண்டு நேரடியாகப் பெயர் சேர்க்கும் அதிகாரத்தைத் தேர்தல் ஆணையத்துக்கு வழங்கியது. இரண்டுமே நல்ல ஏற்பாடுகள். ஆனால் தானியங்கிப் பதிவு, தான் சார்ந்திருக்கும் பதிவேட்டில் இருப்பவர்களை மட்டுமே கண்டுகொள்ளும். ஓட்டுநர் உரிமம் பெறும் வாய்ப்பே இல்லாத ஏழைகள் முதல் பதிவேட்டில் இல்லை. வீடு வீடாகத் தபால் போய்ச் சேராத தொலைதூரப் பூர்வகுடிக் குடியிருப்புகளோ, இரண்டாவது ஏற்பாட்டின் பயனுக்கு வெளியே பல ஆண்டுகள் இருந்தன. ஏற்கெனவே அரசின் கண்ணில் பட்டவர்களை அது விரைவாகச் சேர்க்கிறது. படாதவர்களை முன்பிருந்த இடத்திலேயே விட்டுவிடுகிறது. நடந்து போய்ப் பார்க்கும் ஆட்களின் தேவை அங்கே குறையவில்லை.

பெயர் சேர்ப்பதைவிடச் சலிப்பூட்டும் வேலை, இருக்கும் பெயரைக் காப்பாற்றுவது. இடம் மாறியவர்களின் பெயரும், கதவு பூட்டியிருந்த வீட்டுக்காரர்களின் பெயரும் திருத்தப் பணியின்போது நீக்கப்படலாம். அது அவர்களுக்குத் தெரியவருவது பெரும்பாலும் வாக்களிக்கும் நாளன்றுதான். இந்தியாவில் புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6, ஆட்சேபிக்கவோ நீக்கவோ படிவம் 7, இடமாற்றத்துக்கும் பிழை திருத்தத்துக்கும் படிவம் 8 என்ற ஏற்பாடு இருக்கிறது. வரைவுப் பட்டியல் வெளியானவுடன் அதை வாங்கி, குழு அறிந்த குடியிருப்புகளின் பெயர்களோடு வரிவரியாக ஒப்பிடுவதே இதில் பயன் தரும் உத்தி. ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துக்கொள்கிறேன்: பலருடைய விண்ணப்பங்களைக் கட்டாகக் கட்டி ஒருவரே கொண்டுபோய்க் கொடுப்பதை இந்தியத் தேர்தல் ஆணையம் ஏற்பதில்லை, அதற்கு நியாயமான காரணமும் உண்டு. படிவத்தை நிரப்ப உதவலாம். கொடுப்பவர் வாக்காளராகவே இருக்க வேண்டும். அடையாள ஆவணங்களின் நகல்களை மூட்டையாகச் சேர்த்து வைத்துக்கொள்ளும் குழு, நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறது என்றாலும், நாளை அந்த மூட்டை யார் கைக்குப் போகும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆவணம் என்னும் இரண்டாம் வாசல்

பட்டியலில் பெயர் இருந்தும் கையில் உரிய அட்டை இல்லாததால் திரும்பியவர்களின் கதை தனி. பிரிட்டனில் புகைப்பட அடையாளம் கட்டாயமாக்கப்பட்ட பிறகு, 2023 மே மாதம் இங்கிலாந்தில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில், சாவடி வரை வந்தும் உரிய அடையாளம் இல்லாததால் வாக்களிக்காமலே போனவர்கள் ஏறத்தாழ 14,000 பேர் என்று அந்நாட்டின் தேர்தல் ஆணையம் கணக்கிட்டது. எப்படியும் திருப்பி அனுப்புவார்கள் என்று எண்ணி வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அட்டை இல்லாதவர்களுக்கென்று இலவச வாக்காளர் சான்றிதழ் ஒன்று அங்கே வழங்கப்படத்தான் செய்கிறது. அதற்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், அப்படி ஒன்று இருப்பதே தெரிந்திருக்க வேண்டும். எளியோருக்கான சலுகை, விவரம் தெரிந்தவரிடமே போய்ச் சேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வட டகோட்டாவில் நடந்தது இன்னும் நுணுக்கமானது. அமெரிக்க மாநிலங்களில் வாக்காளர் பதிவு என்ற நடைமுறையே இல்லாத ஒரே மாநிலம் அது. ஆனால், வாக்காளரின் அடையாள அட்டையில் தெரு முகவரி இருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2018-ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு முன் நடைமுறைக்கு வந்தது. அதைத் தடுக்க உச்ச நீதிமன்றமும் அந்த அக்டோபரில் மறுத்துவிட்டது. பூர்வகுடி ஒதுக்கீட்டு நிலங்களில் பல வீடுகளுக்குத் தெருப்பெயரோ கதவு எண்ணோ இல்லை. அங்கே வாழ்பவர்கள் தபால் நிலையத்தில் உள்ள பெட்டி எண்ணையே முகவரியாகக் கொண்டு காலம் கழித்தவர்கள். வாக்குநாளுக்குச் சில வாரங்களே இருந்த நிலையில், பழங்குடி நிர்வாகங்கள் வீடுகளுக்குத் தாங்களே முகவரி வழங்கி, அதை அச்சிட்ட அட்டைகளைக் கட்டணமின்றிக் கொடுக்கத் தொடங்கின. வழக்கு தோற்ற இடத்தில் அட்டை அச்சிடும் கருவி வென்றது என்று இதைச் சொல்லலாம். என்றாலும், அட்டை வழங்கும் அதிகாரம் பழங்குடி நிர்வாகத்துக்கு இருந்ததால்தான் அது முடிந்தது. தன்னார்வக் குழுவுக்கு அந்த அதிகாரம் இல்லை. அது செய்யக்கூடியது, எந்த ஆவணங்களெல்லாம் ஏற்கப்படும் என்ற பட்டியலை மக்களின் மொழியில் முன்கூட்டியே கொண்டு சேர்ப்பதும், விடுபட்டவர்களை அட்டை வழங்கும் அலுவலகம் வரை கூடவே அழைத்துச் செல்வதும்தான்.

ஆவணத்துக்கு மாற்றாக மனிதச் சான்றை ஏற்கும் முறையும் உண்டு. கனடாவில், அடையாளமும் முகவரியும் நிறுவ முடியாத ஒருவருக்காக அதே பகுதியின் இன்னொரு வாக்காளர் எழுத்துமூலம் உறுதியளிக்கலாம். ஒருவர் ஒருவருக்கு மட்டுமே. 2014-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த வழியைப் பெருமளவு அடைத்தது. 2018-ஆம் ஆண்டுச் சட்டம் மீண்டும் திறந்தது. இந்த வழி உள்ள நாடுகளில், ஒரு குழு தன் பகுதியில் உறுதியளிக்க முன்வரும் அக்கம்பக்கத்தாரை முன்னதாகவே பேசி வைத்துக்கொள்வது மிகக் குறைந்த செலவில் நிறையப் பலன் தரும்.

சாவடிக்குப் போவதா, சாவடி வருவதா

இப்போது வாகனத்துக்கு வருகிறேன். அதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்றாம் இடத்தில் வைக்கிறேன். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும், சாவடி வெகு தொலைவில் அமைந்துவிட்ட குடியிருப்புக்கும் அதற்கு ஈடான உதவி வேறில்லை. ஆனால் இதில் சட்டச் சிக்கல் உண்டு. இந்தியாவில் வேட்பாளரோ அவருடைய முகவரோ வாக்காளர்களை இலவசமாக ஏற்றிச் செல்ல வாகனம் அமர்த்துவது, 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆம் பிரிவின்படி முறைகேடு. கட்சி சார்பற்ற குழுவாகவே இருந்தாலும், வண்டியின் உரிமையாளர் யார், எரிபொருளுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விகளுக்கு விடை தெரியாமல் இறங்கக் கூடாது. தேர்தல் அலுவலரிடம் முன்கூட்டியே பேசி, நிர்வாகமே செய்யும் வாகன ஏற்பாட்டுக்குப் பெயர்ப்பட்டியல் கொடுப்பது பாதுகாப்பான வழி.

இன்னொரு சிக்கல் பாதுகாப்பு. பலவீனமான ஒரு சமூகத்தை ஒரே நேரத்தில், ஒரே வரிசை வண்டிகளில் ஏற்றிச் செல்லும்போது அவர்கள் யார் என்பது ஊருக்கே தெரிந்துவிடுகிறது. இலங்கையில் 2019 நவம்பர் 16 அன்று நடந்த அதிபர் தேர்தலில், போரின்போது மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழ்ந்து வந்த முஸ்லிம் வாக்காளர்கள் வாக்களிப்பதற்காக மன்னாருக்குப் பேருந்துகளில் சென்றபோது, தந்திரிமலைப் பகுதியில் அந்தப் பேருந்துகள் மீது துப்பாக்கிச் சூடும் கல்வீச்சும் நடந்தன. அவர்கள் வாழும் இடத்திலேயே வாக்களிக்கும் ஏற்பாடு இருந்திருந்தால் அந்தப் பயணமே தேவைப்பட்டிருக்காது. இடம் பெயர்ந்தவர்களைப் பழைய ஊருக்கு ஏற்றிச் செல்வதா, புதிய இடத்தில் பதிவு செய்வதா என்ற கேள்வி எழும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வது நல்லது. ஆனால் முடிவு அவர்களுடையது. ஊரோடு உள்ள உரிமைத் தொடர்பை வாக்கின் மூலம் காத்துக்கொள்ள விரும்புபவர்கள் பலர் உண்டு. வெளிமாநிலத் தொழிலாளர் இருந்த இடத்திலிருந்தே சொந்தத் தொகுதிக்கு வாக்களிக்க, 72 தொகுதிகள் வரை கையாளக்கூடிய தொலைநிலை வாக்குப்பதிவு இயந்திரத்தின் முன்மாதிரியை இந்தியத் தேர்தல் ஆணையம் 2022 டிசம்பரில் அறிவித்தது. 2024 மக்களவைத் தேர்தலில் அது பயன்பாட்டுக்கு வரவில்லை.

சாவடியே தேடி வருவது இவற்றில் கண்ணியமான வழி என்பேன். ஆஸ்திரேலியாவில் நடமாடும் வாக்குச்சாவடிக் குழுக்கள், வாக்குநாளுக்கு முந்தைய நாட்களிலேயே தொலைதூரக் குடியிருப்புகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் செல்கின்றன. இந்தியாவில் 85 வயதைக் கடந்தவர்களும், 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளும் 2024 மக்களவைத் தேர்தலில் வீட்டிலிருந்தே வாக்களிக்க முடிந்தது. நாடு முழுவதற்குமான மக்களவைத் தேர்தல் ஒன்றில் இந்த வசதி கிடைத்தது அதுவே முதல் முறை. அதற்கான விண்ணப்பமான படிவம் 12டி-யை, தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். அலுவலர்கள் குழுவாக வருவார்கள். நடப்பது காணொளியாகப் பதிவாகும். கட்சிகளின் முகவர்களும் உடன் இருக்கலாம். முதல் வருகையில் வாக்காளர் வீட்டில் இல்லையென்றால் இன்னும் ஒருமுறை வருவார்கள், அதோடு சரி. வீட்டு வாக்கைத் தேர்ந்தெடுத்தவர் பிறகு சாவடிக்குப் போய் வாக்களிக்க முடியாது. குழு இங்கே கவனிக்க வேண்டியது அந்த ஐந்து நாள். பலர் தகுதி இருந்தும் அதைத் தவறவிடுவது, அது தொடங்கியதே தெரியாததால்தான்.

இதன் பலவீனமும் வீட்டுக்குள்தான் இருக்கிறது. ஒரே அறை உள்ள வீட்டில், மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் சூழ்ந்திருக்க, கட்டிலில் படுத்திருக்கும் பாட்டி வாக்குச்சீட்டில் குறியிடும்போது அட்டைத் தடுப்பை யார் பிடித்துக்கொள்வது, யாரை வெளியே போகச் சொல்வது? அலுவலர்கள் அவசரத்தில் இருப்பார்கள். வெளியே போங்கள் என்று வீட்டுக்காரரிடம் அவருடைய வீட்டிலேயே சொல்லத் தயங்குவார்கள். சாவடிக்குப் போக முடிந்தவரைச் சாவடிக்கே அழைத்துச் செல்வதுதான் மேல் என்று நான் கருதுவது இதனால்தான். அங்கே குடும்பம் வாசலோடு நின்றுவிடுகிறது.

தபாலும் பதிலியும்

தபால் வாக்கில் வாக்குச்சீட்டு வீட்டுக்கு வந்து, பலர் கையில் தவழ்ந்து, திரும்பப் போகிறது. நடுவில் அதிகாரியின் கண் ஏதும் இல்லை. படித்த, தனியாக வாழும், தபால் ஒழுங்காக வரும் ஒருவருக்கு இதைப் போன்ற வசதி வேறில்லை. ஒரேகான் மாநிலம் 1998-இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் இதையே பொது முறையாக ஏற்றுக்கொண்டு தொடர்ந்து நடத்தி வருகிறது. ஆனால் நாம் பேசிக்கொண்டிருப்பது அத்தகையவரைப் பற்றி அல்ல. அமெரிக்காவின் நவஹோ பழங்குடி நிலத்தில் பல வீடுகளுக்குத் தபால்காரர் வருவதில்லை. கடிதம் எடுக்கவே நெடுந்தூரம் வண்டி ஓட்ட வேண்டும். முதலாளியின் இடத்தில் தங்கி வேலை செய்பவருக்கு வரும் உறையை முதலில் பிரிப்பது முதலாளியாகவும் இருக்கலாம். பிரிட்டனின் பர்மிங்காம் நகரில் 2004-இல் நடந்த மாநகராட்சித் தேர்தலில், தபால் வாக்குகளில் பெரும் மோசடி நடந்ததை விசாரித்த தேர்தல் நீதிபதி 2005-இல் இரண்டு வட்டங்களின் முடிவுகளை ரத்து செய்தார். தபால் வாக்கு மோசடி எங்கும் மலிந்திருக்கிறது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. நடக்கும்போது அது யாருடைய பெயரில் நடக்கிறது என்பதே நம் கவலை. கேள்வி கேட்கத் துணியாதவர்களின் பெயர்தான் அதற்கு எளிதில் கிடைக்கிறது.

பதிலி வாக்கைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒருவருக்காக இன்னொருவர் வாக்களிப்பதில் ரகசியம் என்பதே முழுமையாகப் போய்விடுகிறது. நம்பிக்கை மட்டும் மிஞ்சுகிறது. இந்தியாவில் படைவீரர் போன்ற குறிப்பிட்ட பிரிவினருக்கு மட்டும் அது அனுமதிக்கப்பட்டிருக்கிறது. பிரிட்டனில் பரவலாக அனுமதி உண்டு என்றாலும், ஒருவர் நான்கு பேருக்கு மேல் பதிலியாக இருக்க முடியாது, அவர்களிலும் உள்நாட்டில் வாழ்பவர் இருவருக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2023-இல் வரம்பு இறுக்கப்பட்டது. வேறு எந்த வழியும் இல்லாத நோயாளிக்கு மட்டும் இதைப் பரிந்துரைக்கலாம்.

இணையவழி வாக்கிலும் இதே கேள்விதான் எழுகிறது. எஸ்டோனியா அதற்கு ஒரு சாமர்த்தியமான விடை கண்டிருக்கிறது. 2005 முதல் அங்கே இணையத்தில் வாக்களிக்கலாம். அளித்த வாக்கை மாற்றி மாற்றி அளிக்கலாம். கடைசி வாக்கே கணக்கில் சேரும். ஒருவர் தோளருகே நின்று மிரட்டினாலும் அவர் போன பிறகு மாற்றிக்கொள்ள முடியும். 2023 நாடாளுமன்றத் தேர்தலில் பாதிக்கும் மேற்பட்ட வாக்குகள் இப்படியே பதிவாயின. ஆனால் இதன் அடியில், மின்னணு அடையாள அட்டை ஏறத்தாழ அனைவர் கையிலும் இருக்கும் ஒரு சமூகம் இருக்கிறது. அது இல்லாத இடத்தில் இணைய வாக்கு, ஏற்கெனவே வாக்களித்துக்கொண்டிருப்பவருக்கு இன்னொரு வசதியாகவே முடியும்.

சாவடிக்குள் துணை

பலரும் கவனிக்காத கட்டம் இது. என் கணக்கில் பட்டியலுக்கு அடுத்த இடம் இதற்கே. சாவடியின் வாசற்படியில் சாய்தளம் இருக்கிறதா என்று பார்ப்பவர்கள்கூட, உள்ளே போன பிறகு வாக்காளருக்கும் வாக்குக்கும் நடுவே யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பதில்லை.

பார்வையற்ற ஒருவர் இந்தியச் சாவடியில் தானே வாக்களிக்கும் விதத்தைச் சற்று அருகிலிருந்து பார்க்கலாம். வேட்பாளர்களின் வரிசை எண்ணும் பெயரும் பிரெய்லில் அச்சிட்ட மாதிரிச் சீட்டு அவர் கையில் கொடுக்கப்படுகிறது. அவர் விரலால் தடவிப் படித்து, தனக்கு வேண்டிய எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு, சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தடுப்புக்குப் பின்னால் போகிறார். இயந்திரத்தின் வலப்பக்கத்தில் பொத்தான்களை ஒட்டிப் புள்ளி எண்கள் மேலிருந்து கீழாக இருக்கின்றன. அவற்றை விரல் எண்ணிக்கொண்டே இறங்கி, வேண்டிய எண்ணில் நின்று அழுத்துகிறது. நீண்ட ஒலி கேட்கிறது. அந்த வாக்கு எவர் கையும் மாறவில்லை. ஆனால் நடுவயதிலோ முதுமையிலோ பார்வை இழந்தவர்களில் பெரும்பாலோர் பிரெய்ல் படிக்கப் பழகியிருப்பதில்லை. எண்களை மட்டுமாவது தொட்டறியக் கற்றுக்கொடுக்க ஒன்றிரண்டு மாலைகள் போதும். மாதிரி இயந்திரம் ஒன்றை வைத்துப் பழக்கிவிட்டால், அடுத்தவர் துணையின்றி வாக்களிக்கக்கூடியவர்களின் எண்ணிக்கை கூடும். வாகனத்துக்கான தொகையில் ஒரு சிறு பங்கை இங்கே திருப்பினாலும் அதன் பயன் அடுத்தடுத்த தேர்தல்களிலும் நீடிக்கும்.

தானாக முடியாதவருக்குத் துணை தேவை. துணையை யார் தேர்ந்தெடுப்பது, யாரை விலக்குவது என்பதில் நாடுகள் வேறுபடுகின்றன. 1961-ஆம் ஆண்டு இந்தியத் தேர்தல் நடத்தை விதிகளின் 49என் விதி, 18 வயது நிரம்பிய ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்ல அனுமதிக்கிறது. அந்தத் துணைவர் அன்றைய நாளில் வேறு எவருக்கும் துணையாக இருக்கவில்லை என்றும், வாக்கை ரகசியமாக வைப்பதாகவும் உறுதிமொழி தர வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாமை மட்டும் இதற்குக் காரணமாக ஏற்கப்படாது. சின்னங்கள் இருப்பது அதற்காகத்தான். அமெரிக்க வாக்குரிமைச் சட்டத்தின் 208-ஆம் பிரிவு வேறு கோணத்தில் பார்க்கிறது: பார்வையற்றவரோ, உடற்குறை உள்ளவரோ, எழுதப் படிக்க இயலாதவரோ தான் விரும்பும் எவரையும் துணையாகக் கொள்ளலாம், அவருடைய முதலாளியும், முதலாளியின் ஆளும், தொழிற்சங்கத்தின் அலுவலரும் மட்டும் கூடாது. இந்திய விதி எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துகிறது. அமெரிக்க விதி உறவைக் கட்டுப்படுத்துகிறது. முன்னது, ஒரே கட்சிக்காரர் வரிசையாகப் பத்துப் பேருக்குத் துணை போவதைத் தடுக்கிறது. பின்னது, கூலி கொடுப்பவரே விரலைப் பிடித்து அழுத்துவதைத் தடுக்கிறது. இரண்டும் சேர்ந்த விதி ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும். அது வரும்வரை, முதல் விதி உள்ள இடத்தில் இரண்டாவதன் உணர்வைக் குழுவே கடைப்பிடிக்கலாம்: தன் உறுப்பினர்கள் எவரும் துணையாக உள்ளே போவதில்லை, வாக்காளர் தாமே சொல்லும் நம்பிக்கையான ஆளை அழைத்து வருவது மட்டுமே தங்கள் வேலை என்று முடிவு செய்துகொள்ளலாம்.

உதவியால் தீராத தடைகளும் உண்டு. பாகிஸ்தானின் 2017-ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டம், ஒரு தொகுதியில் பதிவான வாக்குகளில் பெண்களின் பங்கு பத்து சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் அந்தத் தேர்தலையே செல்லாது என்று அறிவிக்க ஆணையத்துக்கு இடம் தருகிறது. 2018-இல் ஷாங்லா மாவட்டத்தின் மாகாணத் தொகுதி ஒன்றில் அப்படியே மறுதேர்தல் நடந்தது. பெண்களை வீட்டோடு நிறுத்திவைக்க ஊர்ப் பெரியவர்கள் பேசி முடிவெடுக்கும் இடத்தில், எந்த வாகனமும் செய்ய முடியாததை அந்த ஒரு விதி செய்தது. இலங்கையில் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தாலும் அடுத்த ஆண்டுத் தேர்தல் சட்டத் திருத்தத்தாலும் வாக்கிழந்த மலையகத் தமிழர்களில் எஞ்சியவர்களுக்கு வழி திறக்க 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வேண்டியிருந்தது. இத்தகைய இடங்களில் ஒரு சிறிய குழு செய்யக்கூடியது, மறுக்கப்பட்டவர்களின் விவரத்தைத் துல்லியமாகக் குறித்து, வழக்கு நடத்தக்கூடியவர்களிடம் சேர்ப்பது.

ஆக, முடிவு பெரும்பாலும் நாட்காட்டியைப் பொறுத்தது. ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால், உழைப்பில் பெரும்பகுதியைப் பட்டியலுக்கும் ஆவணத்துக்கும் கொடுங்கள். பட்டியல் மூடிவிட்ட நிலையில் சில வாரங்கள்தான் இருந்தால், புதிய பெயர்களைப் பற்றிய வருத்தத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, பெயர் உள்ளவர்களின் ஆவணங்களைச் சரிபார்ப்பது, வீட்டு வாக்குக்கான படிவத்தைக் காலத்துக்குள் கொடுக்கச் செய்வது, மாதிரி இயந்திரத்தில் பழக்குவது ஆகிய மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி வாரம் மட்டுமே கையில் இருக்கும்போது வாகனம் சரியான தேர்வு. அப்போதும் ஏற்றும் முன் ஒவ்வொருவரின் பெயரும் பாக எண்ணும் பட்டியலில் இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் வண்டி புறப்பட வேண்டும்.

வாக்குநாளன்று சாவடிக்கு வெளியே ஒருவரை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு நிறுத்தி வைப்பதற்கும் ஆள் ஒதுக்குங்கள். திரும்பி வந்தவர் யார், என்ன காரணம் சொன்னார்கள், பெயர் இல்லையா, அட்டை இல்லையா, வேறு சாவடிக்குப் போகச் சொன்னார்களா என்ற சில கட்டங்கள் போதும். விவரங்களை அவர் சம்மதத்தோடுதான் எழுத வேண்டும். யாருக்கு வாக்களிக்க வந்தார் என்று கேட்கவே கூடாது. அடுத்த வரைவுப் பட்டியல் வெளியாகும்போது முதலில் திறந்து பார்க்க வேண்டியது அந்த நோட்டைத்தான்.